கலை தேடிச் சென்றோரும் கைம்முதல் கொண்டு வந்தோரும்: திருகோணமலையின் குடிவரவு, குடியகல்வு வழிகள்

துறைமுகநகர் ஒன்றன் வரலாற்றை எழுதப் புகுவோர் கோட்டைகளையும் கப்பற்படைகளையுமே முதற்கண் எண்ணுவது வழக்கம். திருகோணமலையின் வரலாறும் பெரும்பாலும் அவ்வாறே எழுதப்பட்டு வந்துள்ளது. போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து அதன் கற்களாற் கோட்டை கட்டியமையும், ஒல்லாந்தரும் பிரான்சியரும் அதன்பொருட்டுப் பொருதமையும், 1795 இல் ஆங்கிலேயர் அதனைக் கைப்பற்றியமையும், 1942 ஏப்ரல் 9 இல் சப்பானிய விமானங்கள் அதன்மீது குண்டு வீசியமையும் பள்ளிச் சிறாரும் அறிந்த செய்திகள். ஆயின், படைக்கலம் ஏந்தாது இத்துறையைக் கடந்தோர் வேறு இரு சாரார் உளர். ஏட்டைக் கையிற்கொண்டு கலை தேடிச் சென்றோர் ஒரு சாரார். பணப்பையை இடையிற் கட்டிக்கொண்டு வந்தோர் மற்றொரு சாரார். இவ்விரு சாராருக்கும் அரசுகள் எவ்வாறு வழி திறந்தன, எவ்வாறு அடைத்தன என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

வணிகர் வரவு மிகப் பழையது. நகருக்கு வடக்கேயுள்ள திரியாயிற் பாறையொன்றிற் பொறிக்கப்பட்டுள்ள வடமொழிக் கல்வெட்டு, திரபுசர் வல்லிகர் எனப் பெயரிய வணிகக் குழுவினர் அங்கே கிரிகண்டி என்னும் சேதியத்தை நிறுவியதாகக் கூறுகின்றது. அதன் எழுத்து கி. பி. ஏழாம் எட்டாம் நூற்றாண்டுகளைச் சார்ந்ததென்பது அறிஞர் கருத்து. சோழராட்சிக் காலத்திலும் அதன் பின்னரும் ஐந்நூற்றுவர் எனவும் நானாதேசிகள் எனவும் வழங்கிய தென்னிந்திய வணிகக் கணத்தார் இலங்கையின் வடகீழ்ப் பகுதிகளில் நிலைகொண்டிருந்தனர் என்பதற்குப் பதவியா, வாகல்கடை முதலாய இடங்களிற் கிடைத்த சாசனங்கள் சான்றாகும். அவ்வணிகர் அரசனிடம் அனுமதிச் சீட்டுப் பெற்று வந்தவரல்லர். காவற்படையையும் உடன்கொண்டு வந்தனர். தாம் தங்கிய ஊர்களில் அறங்கள் செய்தனர். அவ்வறமே அவர்க்கு ஊரிற் கிடைத்த உரிமைப் பட்டயம் போலாயிற்று.

அழைத்துக் குடியேற்றும் வழியொன்றும் உண்டு. கோணேசர் கல்வெட்டு என்னும் நூல், குளக்கோட்டு மன்னன் சோழநாட்டிலிருந்து தானத்தார், வரிப்பத்தார் முதலியோரை வருவித்துக் கோயிற் றொழும்புகளைப் பகுத்துக் கொடுத்தான் எனக் கூறும். அந்நூல் மரபுச் செய்திகளின் தொகுப்பாகலின் அதன் காலக் கணிப்பை அப்படியே கொள்ளுதல் வரலாற்று நெறியாகாது. எனினும் அதில் ஓர் உண்மை தெளிவாகப் புலனாகின்றது. நிலம் கடமையோடு சேர்த்தே கொடுக்கப்பட்டது. வந்தவன் எத்தொழும்பு செய்வான் என்பதே, அவன் எத்துணைக் காலம் தங்கலாம் என்னும் வினாவிற்கும் விடையாயிற்று. இக்காலத்து அரசுகள் வதிவிட விசாவிற்கு விதிக்கும் நிபந்தனைகளை நோக்குமிடத்து, குளக்கோட்டன் முறை அவற்றினும் வெளிப்படையானது என்றே கூறத் தோன்றுகின்றது.

ஆங்கிலேயர் ஆட்சியில் இந்தியாவும் இலங்கையும் ஒரே முடியின்கீழ் இருந்தன. ஆயினும் இந்தியா வேறு நிருவாகம், இலங்கை வேறு நிருவாகம். இடையிலுள்ள கடலைக் கடப்பதற்குக் கடவுச்சீட்டு வேண்டப்படவில்லை. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பல் ஓடிற்று. 1914 இல் தனுக்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பற் சேவை தொடங்கியபின், சென்னையிற் புகைவண்டி ஏறியவன் கடலையும் கடந்து கொழும்பிற் சென்று இறங்கலாயிற்று. 1927 இல் திருகோணமலைக்கும் இருப்புப்பாதை வந்தது. ஆயினும் வழி எல்லார்க்கும் ஒன்றாய் இருந்ததெனக் கொள்ளுதல் தவறு. தோட்டக் கூலிகளாய் வந்தோர் மண்டபம் முகாமில் அடைத்துவைக்கப்பட்டு, நோய்ச் சோதனைக்குட்பட்டு, கங்காணியின் பெயரிற் கணக்கெழுதப்பட்டே கடல் கடந்தனர். கைம்முதலுடைய வணிகனும் ஆங்கிலங் கற்ற இளைஞனும் அவ்வாறு எண்ணப்படவில்லை. பின்னாளிற் சட்டம் எழுத்தில் வரைந்த வேற்றுமை அந்நாளிலேயே நடைமுறையில் இருந்தது.

கல்வி தேடிச் சென்றோரை முதலில் நோக்குவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையிற் பல்கலைக்கழகம் இல்லை. 1857 இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் கலைமாணிப் பரீட்சையிலேயே சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் தேறினர் என்பது நாடறிந்த செய்தி. செல்வமும் அரசாங்கச் செல்வாக்கும் உடையோர்க்கு வேறு வழியும் இருந்தது. பொன்னம்பலம் அருணாசலம் புலமைப்பரிசில் பெற்றுக் கேம்பிரிட்சிற் பயின்று, 1875 இல் இலங்கைச் சிவில் சேவையிற் சேர்ந்தார். அப்பரிசிலைப் பெற்றோர் தொகை மிகச் சிறிது. நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைக்குச் சென்னையே கண்ணுக்கெட்டிய சர்வகலாசாலை. அங்குச் செல்வதற்குக் கப்பற் கட்டணமும், தங்குதற்கு உறவினர் அல்லது நண்பர் வீடும், ஒரு பரீட்சைச் சான்றிதழும் போதியனவாயிருந்தன.

அவ்வழியிற் சென்ற திருகோணமலையாருள் இருவரைச் சிறப்பாகக் குறிப்பிடல் வேண்டும். தி. த. கனகசுந்தரம்பிள்ளையும் (1863–1922) அவர்தம் இளவல் தி. த. சரவணமுத்துப்பிள்ளையும் (1865–1902) இளமையிலேயே சென்னை சென்று கற்றுக் கலைமாணிப் பட்டம் பெற்றனர். மூத்தவர் சென்னையிலேயே தங்கிப் பழந்தமிழ் நூல்களை ஆராய்வதிலும் பதிப்புப் பணிகளுக்குத் துணைபுரிவதிலும் வாழ்நாளைச் செலவிட்டார். இளையவர் சென்னை மாநிலக் கல்லூரியைச் சார்ந்த கீழைத்தேயச் சுவடி நிலையத்தில் நூலகராய் இருந்தவர். 1892 இல் வெளிவந்த தத்தைவிடுதூது பெண்விடுதலையைப் பொருளாகக் கொண்டது. அக்காலத்தில் அவ்வாறு எழுதுதற்குத் துணிவு வேண்டும். 1895 இல் அவர் வெளியிட்ட மோகனாங்கி தமிழிற் றோன்றிய வரலாற்று நாவல்களுள் முற்பட்டது என்று போற்றப்படுகின்றது. திருகோணமலையிற் பிறந்தவர் எழுதிய அந்நாவலின் களம் திருகோணமலையன்று. நாயக்கர் காலத்துத் தஞ்சையும் மதுரையுமே. சென்னையிற் சுவடிகளின் நடுவே வாழ்ந்தவர்க்கு அவை அயல்நாடாய்த் தோன்றவில்லை போலும்.

இச்சகோதரர் வாழ்க்கையில் நோக்கத்தக்கது ஒன்றுண்டு. மாணாக்கராய்ச் சென்றவர் அங்கேயே உத்தியோகம் பார்த்தனர். கற்பதற்கு ஓர் அனுமதி, கற்றபின் தங்குவதற்கு மற்றோர் அனுமதி, தொழில் செய்வதற்கு வேறோர் அனுமதி என்னும் பாகுபாடு அந்நாளில் இல்லை. மாணவ விசாவிலிருந்து தொழில் விசாவிற்கும் அதிலிருந்து நிரந்தர வதிவிற்கும் ஏறுதற்கு இக்கால இளைஞர் எத்தனையோ படிகளை எண்ணிக் கணக்கிடுகின்றனர். சரவணமுத்துப்பிள்ளைக்கு அவை யாவும் ஒரே படியாக அமைந்தன. அவர் முப்பத்தேழு வயதளவில் மறைந்தமையால் இழப்பு இரு கரைக்கும் பொதுவாயிற்று.

மறுதலையாகத் திரும்பி வந்தோரும் உளர். மட்டக்களப்புப் பகுதியைச் சேர்ந்த காரைதீவிற் பிறந்த மயில்வாகனனார் 1922 இற் சென்னை இராமகிருஷ்ண மடத்திற் சேர்ந்து, 1924 இற் றுறவு பூண்டு சுவாமி விபுலாநந்தராய் 1925 இல் இலங்கைக்கு மீண்டார். அவ்வாண்டிலேயே திருகோணமலை இந்துக் கல்லூரி இராமகிருஷ்ண சங்கத்தின் பொறுப்பில் வந்தது. அடிகள் அதனை வளர்ப்பதிற் பெரும்பங்கு கொண்டார். 1931 இற் சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் றமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்தார். 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதற் றமிழ்ப் பேராசிரியரானார். ஈராட்சிகளின் எல்லையை இத்துணை முறை கடந்த ஒருவர் எந்த வாயிலிலும் தடுத்து வினாவப்பட்டிலர். அடிகள் 1947 இல் இறைவனடி சேர்ந்தார். வாயில்கள் அடைபடத் தொடங்கியது அதற்கு அடுத்த ஆண்டிலேயாம்.

இனிக் கைம்முதல் கொண்டு வந்தோரைப் பார்ப்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதி தொடங்கி இலங்கையிற் பணப்புழக்கத்தைப் பெரிதும் தாங்கியோர் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களே. கொழும்புச் செட்டியார் தெரு அவர்களது தலைமையிடம். ஆங்கில வங்கிகள் இலங்கையனுக்கு நேரே கடன் கொடுக்க மனங்கொள்ளவில்லை. செட்டியார் வங்கியிற் குறைந்த வட்டிக்குப் பெற்று, அதனை நிலவுடைமையாளனுக்கும் சிறுவணிகனுக்கும் கூடிய வட்டிக்குக் கொடுத்தார். அரிசி இறக்குமதியிலும் அவர்கள் கை இருந்தது.

அவர்தம் தொழில்முறை பின்னாளிற் சட்டத்தின்முன் அவர்க்கே வினையாய் முடிந்தமையால் அதனைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். அவர் விலாசத்தின்மீது கடை நடத்த மேலாள் ஒருவரை அனுப்புவார். மேலாளுக்கு அடுத்தாளும், அவனுக்குக்கீழ்ப் பெட்டியடிப் பையனும் இருப்பர். மூன்றாண்டுக்கு ஒருமுறை கணக்கு முடித்து, மேலாள் ஊர் திரும்புவார், வேறொருவர் வருவார். மனைவி மக்கள் செட்டிநாட்டுப் பெரிய வீடுகளிலேயே தங்கியிருப்பர். கிட்டங்கியில் ஆடவர் பலர் ஒருங்கே உண்டு உறங்கித் தொழில் பார்ப்பர். சிக்கனமும் நம்பிக்கையும் கலந்த இம்முறை பருமாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் நூறாண்டு வெற்றியுடன் நடந்தது. பணம் நாடுகடந்து வந்தது, குடும்பம் வரவில்லை.

1925 இற் கொழும்பில் ஏற்பட்ட நெருக்கடியால் வங்கிகள் செட்டியார்க்குக் கடன் கொடுப்பதை நிறுத்தின. அதன் பின்னர் வந்த உலகப் பொருளாதார மந்தத்தில் கடன்பட்டோர் பணம் கொடுக்க இயலாது தென்னந்தோட்டங்களையும் வயல்களையும் ஈடாகக் கொடுத்தனர். பணத்தைச் சுழற்ற வந்தவர் தாம் விரும்பாமலே நிலக்கிழாராயினர். நிலம் கைவிட்டுப் போனவர் மனத்திற் சினம் மூண்டது. 1934 இல் அமைக்கப்பட்ட வங்கி ஆணைக்குழு உள்நாட்டார்க்கு ஒரு வங்கி வேண்டுமெனக் கருதியதும், 1939 இல் இலங்கை வங்கி தோன்றியதும் இப்பின்னணியிலேயாம். செட்டியார் செய்த சேவைக்கும் வாங்கிய வட்டிக்கும் இடையே நடுநிலை நின்று கணக்கெடுத்தல் எளிதன்று. ஆயினும் வேறெவரும் கடன் கொடாத காலத்திற் கடன் கொடுத்தவர் அவரே என்பதை மறத்தல் நன்றியன்று.

1948 இன் பிரஜாவுரிமைச் சட்டமும் குடிவருவோர் குடியகல்வோர் சட்டமும், 1949 இன் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டமும் கடலுக்கு நடுவே ஒரு மதிலை எழுப்பின. முதற்சட்டப்படி, சட்டம் நடைமுறைக்கு வருமுன் இலங்கையிற் பிறந்தவன் வழியுரிமையாற் பிரஜையாவதற்குத் தந்தை இங்குப் பிறந்திருத்தல் வேண்டும். இன்றேற் றந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்குப் பிறந்திருத்தல் வேண்டும். வெளிநாட்டிற் பிறந்தவனுக்கு நிபந்தனை இன்னும் கடியது. சென்னையில் உத்தியோகம் பார்த்த திருகோணமலையான் ஒருவனுக்கு அங்கே பிறந்த பிள்ளை, முன்னோர் பிறப்பைப் பத்திரங்காட்டி மெய்ப்பிக்க வேண்டியவனானான். மலையகத் தோட்டத் தொழிலாளர் இலட்சக்கணக்கில் நாடற்றவராக்கப்பட்டமை இச்சட்டங்களின் பெருங்கொடுமை. அது தனியே விரிவாக எழுதற்குரியது. வணிகனுக்கு நேர்ந்தது வேறுவகை.

1949 ஆம் ஆண்டுச் சட்டம், மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும், 1946 சனவரி முதலாந்தேதிக்கு முன் இடையறாது இலங்கையில் வதிந்திருத்தல் வேண்டுமென விதித்தது. ஒருமுறை பன்னிரண்டு மாதத்திற்கு மேல் நாட்டைவிட்டு நீங்கியிருந்தால் வதிவு அறுபட்டதாகும். மனைவியும் இளம்பிள்ளைகளும் இங்கேயே வதிந்தமைக்குச் சான்று காட்டல் வேண்டும். உறுதியான வருமானமும் வேண்டும். இறுதியாகக் கூறிய நிபந்தனை செட்டியார்க்கு எளிது. ஏனையவை அவர்தம் தொழில்முறையின் ஆணிவேரையே வெட்டின. மூன்றாண்டுக்கு ஒருமுறை ஊர் சென்றவனுக்கு இடையறா வதிவு ஏது? மனைவியைக் காரைக்குடியில் விட்டுவந்தவன் குடும்ப வதிவை எங்ஙனம் காட்டுவான்? நூற்றாண்டுக்காலம் சிக்கனம் எனப் போற்றப்பட்ட ஒழுக்கம், ஒரே நாளில், ‘இந்நாட்டில் நிலைத்த பற்றில்லாமை’க்குச் சான்றாய் மாறிற்று.

அவ்வாறு தகுதிபெறாதோர்க்கு எஞ்சிய வழி தற்காலிக வதிவு அனுமதி. கடைத்தெருக்களில் அதனை ‘டி. ஆர். பி.’ என்றே வழங்கினர். அது காலவரையறையுடையது, புதுப்பித்தல் அதிகாரியின் விருப்பம். அனுமதி முடியும் நாளை எண்ணியிருக்கும் வணிகன் நீண்டகாலக் கடன் கொடான், புதுத்தொழில் தொடங்கான், உள்ளதை விற்றுப் பணத்தை அனுப்புதற்கே வழிபார்ப்பான். 1953 ஆம் ஆண்டு அந்நியச் செலாவணிக் கட்டுப்பாட்டுச் சட்டம் அவ்வழியையும் நெருக்கிற்று. வணிகன் முதலை வெளியே கொண்டுசெல்கின்றான் எனக் குறைகூறியோர், அவனை வெளியே தள்ளியது எது என்பதைச் சிந்தித்திலர்.

இவ்விடத்து அதிகம் பேசப்படாத ஒரு பிரிவைச் சுட்டல் வேண்டும். 1948 ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்திலேயே, பொதுச்சேவையிற் சிறந்தோரையும், உயர்தொழில், வணிகம், கைத்தொழில், விவசாயம் ஆகிய துறைகளில் மேம்பட்டோரையும் அமைச்சர் பிரஜைகளாகப் பதிந்துகொள்ளலாம் என்றொரு விதி உண்டு. தொகை, ஓராண்டில் 25 பேருக்கு மேற்படலாகாது. முதலீட்டாளர் வழி என்று இன்று பேசப்படுவதன் இலங்கை முன்னோடி இவ்விதியே எனலாம். இலட்சக்கணக்கானோர்க்கு மதில் எழுப்பிய அதே சட்டம், செல்வமும் புகழும் உடைய இருபத்தைவருக்கு ஒரு திட்டிவாயிலைத் திறந்து வைத்திருந்தது.

மாணாக்கர் வழியும் இக்காலத்தில் மாறிற்று. 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியது. 1945 இல் இலவசக் கல்வி வந்தது. சென்னைக்குச் செல்ல வேண்டிய தேவை குறைந்தது. செல்ல விரும்பினார்க்குக் கடவுச்சீட்டு, விசா, செலாவணி அனுமதி என மூன்று தாள் வேண்டியதாயிற்று. 1970களின் தொடக்கத்திற் பல்கலைக்கழக அனுமதியில் மொழிவாரியாக வேறுபட்ட வெட்டுப்புள்ளிகளும் பின்னர்த் தரப்படுத்தலும் வந்தமையால், தேறியும் இடம்பெறாத தமிழ் மாணாக்கர் மீண்டும் கடல் கடக்க நேர்ந்தது. இம்முறை அவர் நோக்கியது இலண்டன். பிரித்தானியா 1962 இற் பொதுநலவாயத்தார் வரவைக் கட்டுப்படுத்திய போதும், கல்லூரியில் இடம் பெற்ற மாணாக்கரை அனுமதித்தது. 1980 இல் வெளிநாட்டு மாணாக்கர் முழுக்கட்டணமும் செலுத்த வேண்டுமென்றது. 1983 கலவரத்தின் பின் தமிழர் பெருந்தொகையாய் வரத் தொடங்கவே, 1985 இல் இலங்கையருக்கு முன்விசா விதித்தது. பொதுநலவாய நாடொன்றன் குடிகள்மீது பிரித்தானியா அவ்வாறு விதித்தது அதுவே முதன்முறை. அதே காலத்தில் திருகோணமலையிலிருந்து படகேறித் தமிழகம் சேர்ந்த குடும்பங்கள் பல மண்டபம் முகாமை அடைந்தன. ஒருகாலத்து இலங்கைக்குக் கூலிகளை அனுப்பிய அம்முகாம் இலங்கையிலிருந்து வந்த ஏதிலியரை ஏற்கும் இடமாயிற்று.

முதலுக்கு அக்காலத்தில் வாயில் அகலத் திறந்தது. 1977 இன் பின் வந்த திறந்த பொருளாதாரக் கொள்கையின்கீழ், சிங்கப்பூரைச் சேர்ந்த பிறிமா நிறுவனம் திருகோணமலையில் அமைத்த மாவாலை 1980 இல் இயங்கத் தொடங்கிற்று. சப்பானியக் கூட்டுறவுடன் அமைந்த சீமேந்தாலையும் எண்பதுகளில் எழுந்தது. 1957 இற் பிரித்தானியக் கடற்படை விட்டுச்சென்ற சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளுட் சில 2003 இல் இந்திய எண்ணெய்க் கூட்டுத்தாபனத்தின் இலங்கைக் கிளையிடம் வந்தன. 2022 சனவரியிற் செய்த உடன்படிக்கைப்படி, 99 தாங்கிகளில் 14 அந்நிறுவனத்துக்கும், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், எஞ்சிய 61 இருவர் கூட்டு நிறுவனத்துக்கும் எனப் பகுக்கப்பட்டன. 1949 இல் ஓர் இந்திய வணிகன் கடையொன்றைத் தொடர்ந்து நடத்த அனுமதி வேண்டி நின்றமையையும் இதனையும் ஒப்பிட்டு நோக்குக. தனிமனிதன் கொண்டுவந்த முதல் ஐயத்துக்குரியதாயிற்று. நிறுவனம் கொண்டுவந்த முதல் உடன்படிக்கைக்குரியதாயிற்று.

சம்பூரின் செய்தி இதனினும் கசப்பானது. கொட்டியாரக் குடாவின் தென்கரையிலுள்ள அவ்வூரார் 2006 இற் போரினால் இடம்பெயர்ந்தனர். அவர் முகாம்களில் இருக்கையிலேயே அவர்தம் காணிகளிற் பெரும்பகுதி முதலீட்டு வலயமாக ஒதுக்கப்பட்டது. வெளியார் முதலுக்கு வழி உண்டு. காணியுடையோன் திரும்புதற்கு வழி இல்லை. 2015 இல் அவ்வொதுக்கீடு நீக்கப்பட்டு 818 ஏக்கர் விடுவிக்கப்பட்டபின்னரே மக்கள் படிப்படியாக மீண்டனர். குடிவரவு என்னும் சொல்லைக் கடல் கடப்போர்க்கே உரியதாகக் கொள்வது பொருந்தாது என்பதற்குச் சம்பூரே சான்று. தம் ஊருக்குள் நுழைய ஒன்பதாண்டு காத்திருந்தவர், எந்த வெளிநாட்டுத் தூதரகத்து வாயிலிற் காத்திருந்தவரினும் நெடிது காத்திருந்தார். 2025 ஏப்ரலில் இந்தியக் கூட்டுறவுடன் அங்கே 120 மெகாவாற்றுச் சூரியமின் நிலையத்துக்கு அடிக்கல் இடப்பட்டது.

அயல்நாடுகளிலும் இவ்வேற்றத்தாழ்வு காணப்படுகின்றதாயினும், அண்மைக்காலத்திற் செல்வர்க்குரிய வாயில்கள் சிலவும் மூடப்பட்டன. கனடா தன் கூட்டாட்சி முதலீட்டாளர் திட்டத்தை 2014 இல் முடித்தது. இரண்டு மில்லியன் பவுண் முதலிடுவோர்க்குப் பிரித்தானியா வழங்கிவந்த விசா 2022 பெப்புருவரியில் நிறுத்தப்பட்டது. பணத்தின் ஊற்றுக்கண் ஐயத்துக்குரியதாதலே காட்டப்பட்ட காரணம். அவுஸ்திரேலியாவின் திட்டம் 2024 இல் மூடப்பட்டது. மாணாக்கர்க்கோ, பிரித்தானியா 2021 இற் பட்டம் பெற்றபின் இரண்டாண்டு தங்கித் தொழில்தேடும் வழியைத் திறந்தது. கனடா 2024 இல் மாணவ அனுமதிகளின் தொகைக்கு வரம்பு கட்டியது. இலங்கை எதிர்த்திசையிற் சென்றது. செலாவணி வற்றிய 2022 ஆம் ஆண்டில், ஓரிலட்சம் அமெரிக்க டொலர் வைப்பிடுவோர்க்குப் பத்தாண்டு வதிவு அளிக்கும் விசாவொன்றை அமைச்சரவை அங்கீகரித்தது. செட்டியார் மேலாள் ஒருவர்க்கு இத்தகைய வாய்ப்பு 1949 இற் கிட்டியிருப்பின் இந்நாட்டுக் கடைத்தெருக்களின் வரலாறு வேறாயிருக்கும்.

தனுக்கோடித் துறை 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்தது. இராமேசுவரத்திலிருந்து தொடர்ந்த கப்பற்சேவையும் எண்பதுகளிற் போரினால் நின்றது. அதன்பின் ஏறத்தாழ நாற்பதாண்டு பாக்கு நீரிணையை முறையான பயணிகள் கப்பல் கடக்கவில்லை. 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விடப்பட்டது. சில நாளில் நின்று, 2024 ஆகத்தில் மீண்டும் தொடங்கிற்று. கடலைக் கடக்க நான்கு மணி நேரமளவே செல்லும். சென்னையிற் பயில விரும்பும் திருகோணமலை மாணாக்கன் அதில் ஏறுமுன் இந்திய மாணவ விசாவுக்கு விண்ணப்பித்து, கல்லூரி அனுமதிக் கடிதமும் பணவசதிச் சான்றும் காட்டி, விடை வரும்வரை காத்திருத்தல் வேண்டும். கனகசுந்தரம்பிள்ளை தம் இளவலோடு அக்கடலைக் கடந்த நாளிற் கேட்கப்பட்டது கப்பற் கூலி மட்டுமே.